அனிமே ரசிகர்கள் தேடிப்போகும் ஊர்கள்

ஜப்பானின் காமகுரா நகரில் கடலைப் பார்த்தபடி ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. எனோடென் என்ற 10 கிலோமீட்டர் ரயில் பாதையில் வரும் காமகுரா கோகோமாயே நிலையத்துக்குப் பக்கத்தில். தைவான், சீனா, கொரியாவிலிருந்து வருகிறவர்கள் அங்கே கேமராவோடு ரயிலுக்குக் காத்து நிற்கிறார்கள். 1993-இல் தொடங்கிய ‘ஸ்லாம் டங்க்’ என்ற கூடைப்பந்து அனிமேயின், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின், ஆரம்பப் பாடலில் வந்த இடம் அது.

இப்படிக் கதை நடந்த இடங்களுக்குப் போவதை ரசிகர்கள் யாத்திரை என்றே சொல்கிறார்கள்.

வரைந்த படத்துக்கு நிஜமான ஊர் எப்படி வந்தது? பல ஸ்டூடியோக்கள் ஊருக்கே போய்ப் புகைப்படம் எடுத்துவந்து, அதைப் பார்த்துப் பின்னணியை வரைகின்றன. மகோதோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ (2016) படத்தில் கடைசியில் வரும் படிக்கட்டு, டோக்கியோவில் சுகா கோயிலருகே சிவப்புக் கைப்பிடியோடு அப்படியே இருக்கிறது. படத்தில் பார்த்த கோணத்திலேயே நின்று போட்டோ எடுப்பதுதான் ரசிகர்களுக்குக் குஷி.

இந்தக் கூட்டத்தால் ஊருக்கு லாபமா, தொல்லையா? வந்தவர்களுக்கு அங்கே செய்ய என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

சைதாமா மாகாணத்தின் வாஷிமியா ஊரில் உள்ள கோயில், 2007-இல் ‘லக்கி ஸ்டார்’ அனிமே தொடரில் வந்தது. ரசிகர்கள் வரத் தொடங்கியதும் ஊர் வணிகர் சங்கம் அவர்களிடமே பேசி, நினைவுப் பொருள்கள் செய்து ஊர்க் கடைகளில் விற்றது. 2008 செப்டம்பர் திருவிழாவில் அந்தத் தொடரின் கதாபாத்திரங்களை வரைந்த பல்லக்கை ரசிகர்களே தோளில் சுமந்தார்கள். புத்தாண்டு வழிபாட்டுக் கூட்டமும் பல மடங்கு பெருகியது.

ஆனால் காமகுரா கேட்டைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும்தான். வருகிறவர்கள் போட்டோ எடுத்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு மிஞ்சுவது நெரிசலும் குப்பையும். படத்துக்காக நடுரோட்டில் நிற்பவர்களை ஒதுக்கி நிறுத்த நகராட்சி காவலாளிகளை வைக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் போவதாக இருந்தால் நடைபாதையிலேயே நில்லுங்கள். வீடுகளையும் பள்ளி மாணவர்களையும் படம் எடுக்காதீர்கள். அந்த ஊர்க் கடையில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.