நாற்றுமேடைக்குச் சூடு காட்டும் கருவி தேவையா?

நம்மில் பலருக்கு மன்னார்ப் பக்கம் உறவினர் உண்டு. நாற்றுத்தட்டுக்கு அடியில் விரிக்கிற, கரண்டில் சூடாகும் பாயைக் கடன்பட்டாவது வாங்கலாமா என்று அவர்கள் கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

விதைக்கு வேண்டியது மண்ணின் சூடு. கொச்சிக்காய், கத்தரிக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் போதும். மன்னார்த் தீவில் மார்கழி, தை இரவுகளில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. சும்மா கிடைக்கிற சூட்டை எதற்குக் காசு கொடுத்து வாங்கணும்? அங்கே ஆபத்தே வேறு. சோளகம் வீசும் மாதங்களில் வெறும் மணல் நண்பகலில் கொதிக்கும். மண் 35 பாகையைத் தாண்டினால் கொச்சிக்காய் விதை சரியாக முளைக்காது. வந்த முளையும் கருகிவிடும். கிடுகுப் பந்தல், மேடைமேல் வைக்கோல், காலையும் மாலையும் பூவாளித் தண்ணீர், இவ்வளவுதான் தேவை. உவர்க்கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம்.

நுவரெலியா கதை வேறு. தை மாசத்தில் சில வருஷம் புல்லில் உறைபனி படியும். அங்கே கருவி வாங்குவதானால், காற்றைச் சூடாக்கும் பல்ப்பைவிட அடியில் விரிக்கும் பாய்தான் நல்லது. வேர் பிடிப்பது கீழேதானே! தெர்மோஸ்டாட் இல்லாததை வாங்கவே கூடாது. லயத்துப் பழைய வயரிலிருந்து கரண்ட் இழுக்கவும் கூடாது.

இத்தனைக்கும் தேயிலைத் தவறணையில் ஓரிலைத் துண்டுகள் வேர்விடுவது கரண்டாலா? நிழலிலே பொலித்தீன் மூடித்தானே வளர்க்கிறோம். காய்கறி நாற்றுக்கும் முதலில் அதையே செய்து பாருங்கள். இரவில் மூடிவைத்து, வெயில் ஏறியதும் ஓரத்தைத் தூக்கிவிட வேண்டும்.