சிங்கப்பூர் வேலையா? பணம் கட்டும் முன் இந்தக் கடிதத்தைப் படிங்க!

கோவையிலிருந்து நேரடி விமானம், சுமார் 4 மணி நேரம். துடியலூர் பக்கம் லேத், பம்ப் பட்டறைகளில் வேலை பார்க்கும் டிப்ளமோ இளைஞர்கள் பலருக்கும் சிங்கப்பூர் ஒரு கனவு. ஆனால், ‘எஸ் பாஸ் ரெடி, பணத்தைக் கட்டுங்க’ என்று ஏஜென்ட் சொன்னதும் கடன் வாங்கிவிடக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது, ‘ஐபிஏ’ எனப்படும் முன் அனுமதிக் கடிதம்.

அதில் என்ன பார்க்கணும்?

நிறுவனத்தின் பெயர், பாஸ் வகை, சம்பளம். எஸ் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிப்போரின் மாதச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் குறைந்தது 3,300 சிங்கப்பூர் டாலர். வயதுக்கேற்ப இது கூடும். ‘கடிதத்துலதான் 3,300, கையில 1,800’ என்றால் அது சட்டவிரோதம். விண்ணப்ப நிலையைச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

கமிஷன் எவ்வளவு?

இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாய் வாங்கலாம், ஜிஎஸ்டி தனி. பதிவு இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் தேடலாம். சிங்கப்பூர் ஏஜென்சி, ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் 2 மாதச் சம்பளம் வாங்கலாம். வேலை தருவதற்காக முதலாளியே பணம் வாங்குவது அங்கே குற்றம். எதற்கும் ரசீது முக்கியம்.

போன பிறகு?

அரசுக்குக் கட்டும் லெவியை முதலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. மனைவி, குழந்தைகளை அழைத்துப் போக மாதச் சம்பளம் 6,000 டாலராவது வேண்டும். அதனால் டாலரை ரூபாயில் பெருக்கும் முன், அங்கே அறை வாடகை, இங்கே வீட்டுச் செலவு ரெண்டையும் கழிச்சுப் பாருங்க.