கேடயச் சுரப்பியின் குறைவும் இரத்தப் பரிசோதனையும்

நம் கல்லூரியில் ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற நண்பர்கள் நெடுங்காலத்தின்பின் சந்திக்கும்போது, முன்னர்க் கிரிக்கெற் ஆட்டத்தைப் பற்றிப் பேசியோர் இப்பொழுது இரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பற்றிப் பேசுகின்றனர். மருத்துவத் தொழிலிற் புகுந்த பழைய மாணவராகிய நம்மிடம் அத்தாளை நீட்டி, "இந்த எண் கூடியிருக்கிறதே, அப்படியாயின் சுரப்பி அதிகமாய் வேலை செய்கிறதோ?" என வினவுவோர் பலர். அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். அத்தகைய மண்ணில், நம் உடம்பைப் பற்றிய செய்தி நமக்கே விளங்காத தாளாய்க் கிடத்தல் பொருந்தாது.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது கேடயச் சுரப்பி. இதனைத் தைரொயிட் என்பர். உணவிலுள்ள அயடீனைக் கொண்டு இது ஆக்கும் ஓமோன்களுள் முதன்மையானது தைரொட்சின். பரிசோதனைத் தாளில் இது ரி-4 எனக் குறிக்கப்படும். உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, குடலின் இயக்கம், மூளையின் சுறுசுறுப்பு ஆகிய யாவும் இதனைச் சார்ந்துள்ளன. இது குறையுமாயின் களைப்பு, மலச்சிக்கல், உடற்பருமன், தோல் வறட்சி, மறதி, குளிர் தாங்காமை என்பன மெல்ல மெல்லத் தோன்றும். வெயில் மிகுந்த நம் குடாநாட்டிலே ஒருவர் போர்வை தேடுவாராயின் அதனைக் கவனித்தல் நன்று. இவையெல்லாம் மூப்பின் இயல்பு என்றோ, வீட்டுப் பெண்களின் சோம்பல் என்றோ தள்ளிவிடுவதாற் பலர் ஆண்டுக்கணக்கில் வீணே துன்புறுகின்றனர்.

இனி, பரிசோதனை எண்ணுக்கு வருவோம். தோட்டத்தில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காட்சியை நம்முள் மூத்தோர் மறந்திரார். வாய்க்காலில் நீர் குறைந்தால் பயிருக்குத் தண்ணீர் கட்டுபவன் இறைப்பவனை நோக்கி உரத்துக் கூவுவான். நீர் போதியதாயின் அடங்குவான். மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி அவ்வாறு கூவும் குரலே ரி.எஸ்.எச். எனப்படும் ஓமோன். ஆகவே ரி.எஸ்.எச். உயர்ந்திருப்பின் கேடயச் சுரப்பி குறைவாய் வேலை செய்கின்றது என்பதே பொருள். எண் கூடினால் வேலையும் கூடியது எனக் கொள்ளுதல் தலைகீழான விளக்கமாம்.

ரி.எஸ்.எச். பெரும்பாலும் லீற்றருக்கு 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இருத்தல் இயல்பு. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லை சிறிது வேறுபடும். முதியோருக்கும் கருவுற்றோருக்கும் எல்லை வேறு. ரி.எஸ்.எச். உயர்ந்து ரி-4 தாழ்ந்திருப்பின் குறைவு தெளிவு; மருந்து வேண்டும். ரி.எஸ்.எச். மட்டும் சிறிது உயர்ந்து ரி-4 இயல்பாயிருப்பின் உடனே அஞ்ச வேண்டுவதில்லை. இரண்டு மூன்று மாதங்களின்பின் மீளப் பரிசோதித்தே முடிவு செய்வர். எண் 10ஐத் தாண்டி நிலைத்திருப்பின் பெரும்பாலும் மருந்து தொடங்குவர்.

இக்குறைவு எதனால் வருகின்றது? முன்னாளில் அயடீன் குறைவாற் கழுத்துக் கழலை இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் மிகுந்திருந்தது. 1995இல் உப்புக்கு அயடீன் சேர்க்கும் விதி வந்தபின் அந்நிலை பெரிதும் மாறியது. அயடீன் போதியவிடத்துப் பெருங்காரணம், உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையெனக் கொண்டு அழித்தலாகும். இதனை 1912இல் யப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்தார். இத்தகைய நோய்க்கு அயடீன் குளிசைகளைத் தாமாகவே வாங்கி உண்ணுதல் பயன் தராது, தீங்கும் செய்யலாம்.

சுரப்பி தராததை வெளியிலிருந்து கொடுத்தலே மருத்துவம். 1891இல் இங்கிலாந்து மருத்துவர் ஜோர்ஜ் மறே, இந்நோயால் வருந்திய 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஏற்றினார். அவர் அம்மருந்தைத் தொடர்ந்து பெற்று மேலும் 28 ஆண்டு வாழ்ந்தார். இன்று சிறியதொரு தைரொட்சின் குளிசை அவ்வேலையைச் செய்கின்றது. அதிகாலையில் வெறுவயிற்றிலே தண்ணீருடன் அதனை விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே கோப்பியோ தேநீரோ அருந்துக. கல்சியம், இரும்புக் குளிசைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விரதம் அனுட்டிப்போர் குளிசையை நிறுத்தலாகாது; ஒரு மிடறு தண்ணீர் போதும். அளவு மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மீளப் பரிசோதிக்க வேண்டும். அதற்குமுன் எண் நிலைபெறாது.

நாம் பலமுறை கண்டு வருந்தும் தவறு ஒன்றுண்டு. எண் சரியாகிவிட்டது, நோய் மாறிவிட்டது என எண்ணிக் குளிசையை நிறுத்துவர். குளிசையினாலேயே எண் சரியாயிற்று என்பதை மறந்துவிடுவர். சில மாதங்களில் முகம் வீங்கிக் குரல் கரகரத்து மீண்டும் வருவர். பெரும்பாலோர்க்கு இம்மருந்து வாழ்நாள் முழுதும் வேண்டியதே. மறுபுறம், விரைவிற் குணமடைய விரும்பி அளவைத் தாமே கூட்டுதலும் தவறு. மருந்து மிஞ்சினால் ரி.எஸ்.எச். மிகத் தாழும்; இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும்; எலும்பு தேயும். இதய நோயுள்ள முதியோருக்குச் சிற்றளவிலேயே தொடங்குதல் அதனாலேயே.

இறுதியாக, நம் பெண்மக்களைக் கருதி ஒன்று கூறுவோம். இம்மருந்தை உண்ணும் பெண் கருவுற்றால் அன்றே மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். அக்காலத்தில் மருந்தின் தேவை பெரும்பாலும் கூடும். கருவின் மூளை முதல் மாதங்களிலே தாயின் ஓமோனையே நம்பி வளர்கின்றது. பிறவியிலேயே இக்குறையுள்ள குழந்தையைக் குதிக்காலில் எடுக்கும் சில துளி இரத்தத்தால் அறியலாம். முதற் சில வாரங்களுள் மருந்து தொடங்கினால் அப்பிள்ளையும் ஏனையோர் போல வகுப்பிலமர்ந்து கற்கும். காலம் தவறினால் இழந்த அறிவை மீட்டல் அரிது. ஆதலின் அத்தாளிலுள்ள எண்ணை அஞ்சவும் வேண்டாம். அலட்சியம் செய்யவும் வேண்டாம். அதன் பொருளறிந்து நடப்போமாக.