கிழட்டு 'புல்லட்'டுக்கு மறு உயிர்! நம்பர் பார்க்காமல் வாங்கினால் வம்பு

'டப்... டப்... டப்...'

தெருமுனையில் இந்தச் சத்தம் கேட்டாலே "புல்லட் வருது" என்று திரும்பிப் பார்க்காதவர் யார்? 1955-ல் தொடங்கிய கம்பெனி, திருவொற்றியூரில் தயாரித்த வண்டி இது. துருப்பிடித்துக் கிடக்கும் பழைய புல்லட்டை வாங்கி ஓட்ட இளைஞர்களுக்கு ஏக ஆசை. ஆசை கண்ணை மறைத்தால் ஆபத்து!

நம்பரைப் பார்!

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப் போகிறதா? அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தால் நைசாக நழுவி விடுங்கள். திருட்டு வண்டி என்றால் பணமும் போச்சு. போலீஸ் விசாரணையும் வந்தாச்சு.

15 வருடம் தாண்டிய வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதுவும் 5 வருடத்துக்குத்தான். பசுமை வரி தனி.

உடனே உதைக்காதே!

பல வருடம் நின்ற வண்டியா? பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற வையுங்கள். மறுநாள் கிக்கரை மெள்ள அமுக்கிப் பார்க்கணும். டேங்கில் துரு, கார்புரேட்டரில் அடைப்பு, பிளாட்டினத்தில் கரி. இந்த மூன்றும் போனாலே பாதி நோய் தீரும். சாமான்களுக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் இருக்கவே இருக்கு.

கால் மாறினால்...

பழைய புல்லட்டில் கியர் வலது காலில்; பிரேக் இடது காலில். இன்றைய வண்டிக்கு நேர் எதிர்! பஸ் குறுக்கே வரும்போது பழக்கத்தில் வலது காலை அமுக்கினால் வண்டி நிற்காது. கியர்தான் மாறும்.

காலி மைதானத்தில் ஒரு வாரம் பழகுங்கள். அப்புறம் மவுண்ட் ரோடுக்கு வரலாம்!