உப்புக்காற்றில் துருப்பிடித்த பழைய டிரில்லிங் மெஷின்: எடைக்குப் போடலாமா, மீட்கலாமா?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது பழவேற்காடு ஏரி. அதைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் இரும்புக்கு ஆயுசு கம்மி. படகு இன்ஜினைத் தாங்கும் பிராக்கெட், போல்ட், நட்டு எல்லாமே சீக்கிரம் அரித்துப்போகும். மாற்றுப் பட்டை வைக்க வேண்டுமென்றால், இரும்புத் தகட்டில் நேராக நாலு ஓட்டை போட்டாக வேண்டும்.

கையில் பிடிக்கும் டிரில்லரில் 12 மி.மீ. ஓட்டை கோணலாகிவிடும். அதற்காகப் பொன்னேரி பக்கம் லேத் பட்டறைக்குப் போய்வந்தால் பாதி நாள் காலி. ஏரியில் மீன்பிடி இடத்தையும் நாளையும் முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ வழக்கம் உள்ள ஊர்கள் இவை. தன் முறை வரும் நாளில் படகு கரையில் கிடந்தால், அந்த நாளின் வரும்படி போனதுதான்.

அதனால்தான் வீட்டுப் பின்கட்டில் துருவேறி நிற்கும் பழைய பெஞ்ச் டிரில்லிங் மெஷினை, ‘இதுல என்ன இருக்கு’ என்று காயலான் கடைக்கு அனுப்பும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஏன் இவ்வளவு துரு?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். கடலோரத்தில் மூன்றாவதாக உப்பு சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு, அதைவிட வறண்ட காற்றிலும் ஈரம் பிடிக்கும். பார்க்கக் காய்ந்திருக்கும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் இதே உப்புக்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (செக்ரி), கடற்காற்றில் உலோகம் அரிப்பதை ஆராய மண்டபத்தில் தனி மையமே வைத்திருக்கிறது.

மீட்கத் தகுந்ததா? பத்து நிமிட சோதனை

மெஷினின் அடிப்பாகம், மேஜை, தலைப்பகுதி மூன்றும் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. மேலே எவ்வளவு துரு இருந்தாலும் உள்ளே கனம் அப்படியே இருக்கும். அந்தக் கனம்தான் அதிர்வை அடக்கி ஓட்டையை நேராக்குகிறது. எனவே, துருவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியவை மூன்று:

* விரிசல்: வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் வெல்டிங் எளிதில் நிற்காது. தலைப்பகுதியில் விரிசல் என்றால் விட்டுவிடலாம்.
* ஆட்டம்: ஷக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் பேரிங்கில் இருந்தால் மாற்றிவிடலாம். ஸ்பிண்டிலைச் சுமந்து மேலும் கீழும் நகரும் உருளை தேய்ந்திருந்தால் செலவு கூடும்.
* வளைவு: ஷக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலின் மீது டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றுங்கள். முள் அதிகம் ஆடினால் ஸ்பிண்டில் வளைந்திருக்கிறது. ஷக்கு மட்டும் கோணல் என்றால் புது ஷக்கு போதும்.

துருவை எடுக்கும் வழி

மேலாகப் படிந்த துருவுக்கு மண்ணெண்ணெயும் எமரி பேப்பரும் போதும். ஆழமான துருவுக்கு மின்பகுப்பு முறை வீட்டிலேயே செய்யக்கூடியது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், 4 லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் இருந்தால் சரி. துருப்பிடித்த பாகத்துக்கு நெகட்டிவ், தொட்டியில் தொங்கும் பழைய இரும்புத் துண்டுக்கு பாசிட்டிவ். இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. ஓரிரவில் துரு கருப்பு மாவாக மாறிவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும்.

இங்கேதான் ஊருக்கேற்ற கவனம் தேவை. உவர்ப்பான போர் தண்ணீரை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பக்கூடும். இரும்பின் நுண்துளைகளில் உப்பும் தங்கிவிடும். கேன் தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர்தான் நல்லது. கடைசியாக அலசுவதும் அதில்தான். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது; நச்சான குரோமியம் சேர்மம் உண்டாகும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு வேண்டாம்.

பேரிங், மோட்டார், கைப்பிடியை மேலே இழுக்கும் ஸ்பிரிங் மூன்றையும் தொட்டியில் போடக் கூடாது. அந்த ஸ்பிரிங் முறுக்கிய நிலையில் இருக்கும். மூடியைச் சட்டெனக் கழற்றினால் சீறிக்கொண்டு வெளியே வரும். இறுக்கத்தை மெதுவாகத் தளர்த்திய பிறகே கழற்ற வேண்டும்.

பேரிங் வாங்கும்போது

பழைய பேரிங்கின் மேலேயே எண் இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17 மி.மீ., 6204 என்றால் 20 மி.மீ. கடையில் அந்த எண்ணைச் சொன்னால் போதும். கூடவே ‘2ஆர்எஸ்’ என்று கேளுங்கள். இரு பக்கமும் ரப்பர் சீல் இருப்பதால், வெறும் தகடு மூடிய ‘இசட்இசட்’ வகையைவிட உப்புக்காற்றை நன்றாகத் தடுக்கும்.

மோட்டாரில் அலட்சியம் வேண்டாம்

‘ம்ம்’ என்று உறுமிவிட்டுச் சுற்றாத மோட்டாருக்குக் கண்டென்சர் போயிருக்கலாம். அது சின்னச் செலவு. ஆனால், உப்பும் ஈரமும் இறங்கிய காயிலில் கரன்ட் கசிந்து மெஷின் உடம்புக்கே வரலாம். எலக்ட்ரீஷியனிடம் மெகர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டக் கூடாது. காய வைத்தும் ஏறாவிட்டால் காயில் கட்ட வேண்டும். பழைய மெஷின்கள் பலவற்றில் எர்த் ஒயரே இருக்காது. எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி போட்ட பிறகே ஸ்விட்சைத் தட்டுங்கள்.

எந்த வேகத்தில் ஓட்டுவது?

எளிய கணக்கு ஒன்று உண்டு. சாதா இரும்புக்கு 8,000-ஐ பிட்டின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 10 மி.மீ. பிட் என்றால் நிமிடத்துக்கு 800 சுற்று. படகில் அதிகம் புழங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதில் பாதி, அதாவது 400. வேகம் கூடினால் எஃகு இறுகிவிடும், பிட் முனை கருகிவிடும். பெல்ட்டைப் படிப்படியான புள்ளியில் மாற்றிப் போட்டு வேகத்தைக் குறைக்கலாம். கை டிரில்லரில் கிடைக்காத வசதி இது.

ஓட்டும்போது கையுறை, தோளில் துண்டு, தொங்கும் லுங்கி முனை மூன்றும் ஆபத்து. சுற்றும் பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். தகட்டைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள். கண்ணாடி கட்டாயம்.

மறுபடி துரு வராமல் இருக்க

மீட்பதைவிடக் காப்பதுதான் பெரிய வேலை. ஈரக் கையோடு, மீன் கையோடு மெஷினைத் தொட்டால் துடைத்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உடனே காய்ந்த துணி போட்டு, பிறகு எண்ணெய் தடவுங்கள். உப்பைத் துடைக்காமல் எண்ணெய் மட்டும் போட்டால், உப்பு அடியில் உட்கார்ந்து அரிக்கும். பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக மூடினால் உள்ளே வியர்த்துவிடும்; பருத்தித் துணி போதும். பெயின்ட் அடிப்பதாக இருந்தால், அலசிக் காயவைத்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டாலே, இந்தக் காற்றில் காலையில் செம்பழுப்புப் படலம் வந்துவிடும்.