அறிவியல் பட்டமும் அங்கீகாரமும்: பினாங்கு மாணவர் சேர்க்கைக்கு முன் பார்க்க வேண்டியவை

எஸ்.டி.பி.எம். தேர்வையோ மெட்ரிகுலேஷனையோ முடித்து இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற இயற்கை அறிவியல் துறைகளில் பட்டம் பெற விரும்பும் பினாங்கு மாணவர்களின் வீடுகளில் பெரும்பாலும் எழும் கேள்வி, எந்தக் கல்லூரி பெயர் பெற்றது என்பதாகவே இருக்கிறது. ஆனால் மலேசியச் சட்டம் தரத்தை அளப்பது முதன்மையாகக் கல்லூரியின் பெயரைக் கொண்டன்று, அக்கல்லூரி நடத்தும் ஒவ்வொரு பாடத்திட்டத்தையும் தனித்தனியே சோதித்துத்தான். ஒரே வளாகத்தில் வணிகவியல் பட்டம் முழு அங்கீகாரம் பெற்றிருக்க, அதே வளாகத்தின் உயிரித்தொழில்நுட்பப் பட்டம் அதைப் பெறாமலிருப்பது நடக்கக்கூடியதே. இந்த வேறுபாட்டை அறியாமல் கையெழுத்திடும் குடும்பங்கள் பின்னர் இழப்பது பணத்தை மட்டுமன்று.

இச்சோதனையை நடத்தும் அமைப்பு, 2007ஆம் ஆண்டின் 679ஆம் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதிகள் முகமை ஆகும். அது வழங்கும் அங்கீகாரம் இரு படிநிலை கொண்டது. பாடத்திட்டத்தைத் தொடங்குவதற்கான குறைந்தபட்ச நிபந்தனைகள் நிறைவேறியுள்ளன என்பதை மட்டும் காட்டுவது தற்காலிக அங்கீகாரம். முதல் தொகுதி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போது ஆய்வுக்கூடம், விரிவுரையாளர், தேர்வுமுறை ஆகியவற்றை நேரில் மதிப்பிட்டு வழங்கப்படுவது முழு அங்கீகாரம். விளம்பரத்தாள்களின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் குறியீட்டில் ‘பி.ஏ.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது தற்காலிகம், ‘எஃப்.ஏ.’ என்றிருந்தால் முழுமையானது. உயர்கல்வி அமைச்சின் அனுமதிக் குறியீட்டில் வரும் 6 என்ற எண் இளங்கலைப் பட்டத்தின் நிலையைக் குறிக்கும். தற்காலிக அங்கீகாரம் குற்றமன்று, எல்லாப் புதிய பாடத்திட்டங்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. எனினும் அதில் சேர்பவர் ஓர் இடரை ஏற்கிறார் என்பதைக் கல்லூரி முகவர் தாமாக எடுத்துரைப்பார் என எதிர்பார்ப்பதற்கில்லை. ‘விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்ற சொற்றொடருக்கோ அங்கீகாரம் என்ற பொருளே கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டங்கள் யாவும் மலேசியத் தகுதிகள் பதிவேட்டில் பதிவாகின்றன. அப்பதிவேட்டை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். 1969இல் நிறுவப்பட்டு கெலுகோர் மிண்டன் வளாகத்தில் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், தன் பாடத்திட்டங்களைத் தானே அங்கீகரித்துக்கொள்ளும் உரிமையை 2010இல் பெற்றது என்றாலும், அதன் பட்டங்களையும் அதே பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

நிறுவனத்தின் நிதிநிலை வேறு, பாடத்திட்டத்தின் தரம் வேறு என்பதற்குப் பினாங்கிலேயே சான்று உண்டு. கெப்பாலா பத்தாஸில் இயங்கிய அலையன்ஸ் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டனின் வடபகுதியிலுள்ள டிரென்ட் பார்க் வளாகத்தை 2013இல் விலைக்கு வாங்குமளவுக்கு விரிந்து, அடுத்த ஆண்டே நிதி நெருக்கடியில் சரிந்தது. அதன் மாணவர்கள் வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டனர். வெளிநாட்டு வளாகம், பளபளப்பான கட்டடம் ஆகியவை நிலைத்தன்மைக்கான அடையாளங்கள் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது. ஆண்டுக் கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே செலுத்தினால் கழிவு உண்டு என்னும் சலுகையை, இப்பின்னணியில் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்பது தகும். பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்விக் கடனைப் பொறுத்தவரை, கடன் மாணவரின் பெயரில் நிற்கிறதேயன்றிக் கல்லூரியின் பெயரில் அன்று. படிப்பு இடையில் நின்றுபோனாலும் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தும் கடமை நீங்குவதில்லை.

அறிவியல் பட்டத்திற்கே உரிய இன்னொரு வாயில் படிப்பு முடிந்த பின்னர்தான் எதிர்ப்படுகிறது. பலரும் கவனிக்கத் தவறுவது இதனையே. வேதியியலாளராகத் தொழில் புரிய விரும்புபவர் 1975ஆம் ஆண்டின் வேதியியலாளர் சட்டத்தின்படி மலேசிய வேதியியல் கழகத்தில் பதிவு பெற வேண்டும். அதற்கு அக்கழகம் ஏற்கும் பட்டம் தேவை. நிலவியலாளர்களுக்கு 2008ஆம் ஆண்டின் சட்டமும், உணவுப் பகுப்பாய்வாளர்களுக்கு 2011ஆம் ஆண்டின் சட்டமும் தனித்தனியே உள்ளன. மருத்துவமனை ஆய்வுக்கூடப் பணிகளை 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் ஆள்கிறது என்பதால், பொது உயிரியல் பட்டதாரிக்கு அக்கதவு தானாகத் திறந்துவிடாது. உயிரியல், உயிர்மருத்துவ அறிவியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் கல்விக் கண்காட்சி மேசையில் ஏறத்தாழ ஒன்றேபோல் விளக்கப்படுகின்றன. சட்டமோ அவற்றை ஒன்றாகக் காண்பதில்லை. ஆகவே எம்.கியூ.ஏ. அங்கீகாரத்தோடு நில்லாமல், உரிய தொழில்முறைக் கழகத்தின் ஏற்புப் பட்டியலில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்பதையும் அக்கழகத்திடமே கேட்டறிவது பாதுகாப்பானது.

ஆய்வுக்கூடத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மலேசியாவில் இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 புள்ளிகள் தேவை; ஒரு புள்ளி என்பது விரிவுரை, செய்முறை, தன்முயற்சி அனைத்தும் சேர்ந்த 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். அந்த 40 மணி நேரத்தில் மாணவர் கருவியைத் தம் கையால் இயக்கும் பங்கு எவ்வளவு, விரிவுரையாளர் இயக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பங்கு எவ்வளவு என்பதுதான் கேட்கத்தக்க கேள்வி. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மூக்கா ஹெட்டில் கடலாய்வு நிலையம் இருப்பதுபோல் எல்லா நிறுவனங்களுக்கும் இருக்க வேண்டியதில்லை; ஆனால் வேதியியல் பட்டம் வழங்கும் கல்லூரியில் நிறமாலைமானி எத்தனை மாணவருக்கு ஒன்று என்ற கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், அந்த மௌனத்தையே விடையாகக் கொள்ளலாம்.

ஏமாற்றப்பட்டதாகக் கருதுபவருக்கு வழிகள் உண்டு. தனியார் கல்லூரிகள் 1996ஆம் ஆண்டின் 555ஆம் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றே இயங்க வேண்டும் என்பதால், முதலில் கல்லூரிக்கு எழுத்து வழியில் முறையிட்டு, பயனில்லையெனில் உயர்கல்வி அமைச்சிடம் புகார் செய்யலாம். அங்கீகாரம் பற்றிய பொய்யான விளம்பரத்தை எம்.கியூ.ஏ.விடம் தெரிவிக்கலாம். கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் எளிய மன்றமாகும்: 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, கோரிக்கைக்குரிய காரணம் எழுந்த மூன்றாண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அதன் தீர்ப்பைப் பதினான்கு நாளுக்குள் நிறைவேற்றத் தவறுவது குற்றமாகும். மனு எழுதத் தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அச்சங்கம் நெடுங்காலமாகத் தமிழிலும் பயனீட்டாளர்களுக்கு வழிகாட்டி வருகிறது.

எந்த வழியை நாடினாலும், சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீதுகள், அங்கீகாரக் குறியீடு அச்சிடப்பட்ட விளம்பரத்தாள், பணம் திருப்பித் தரும் விதிமுறை, பருவந்தோறும் பெற்ற மதிப்பெண் பட்டியல் ஆகியவை கையில் இருக்க வேண்டும். இவற்றோடு ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும் செய்முறை நேரக் கணக்கையும் சேர்த்து வைப்பது அறிவியல் மாணவருக்கு மிக முக்கியம். ஏனெனில் கல்லூரி மூடப்பட்டு வேறிடம் செல்ல நேர்ந்தால், முடித்த பாடங்களில் எவற்றை ஏற்பது, எவற்றை மீண்டும் படிக்கச் சொல்வது என்பதைப் புதிய நிறுவனம் அந்தத் தாள்களைப் பார்த்தே முடிவு செய்யும்.