மூன்றரை டன் தண்ணீர், ஒரு கொக்கி

காஞ்சிபுரத்தை ஒட்டிய நம் ஓரிக்கை வானத்தில் அவ்வப்போது தடதடவென்று ஒரு சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் ஹெலிகாப்டர் போய்க்கொண்டிருக்கும். வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தள்ளி, அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடமே அதுதான். ஹெலிகாப்டர் எதற்கு என்று பெரியவர்களைக் கேட்டால் போர் என்பார்கள், வெள்ளம் வந்தால் ஆட்களை மீட்க என்பார்கள். காட்டுத்தீ என்று சொல்கிறவர்கள் குறைவு. இந்த மாதம் அந்தக் கதையைப் பேசுவோம், பிள்ளைகளே.

2024 மார்ச் மாதம். நீலகிரியில் குன்னூர்ப் பக்கத்துக் காட்டில் தீ. மார்கழி, தை மாதங்களின் உறைபனியில் கருகிய புல் அங்கே மாசி, பங்குனி வெயிலில் மொரமொரவென்று காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். வனத்துறையினரும் தீயணைப்புப் படையினரும் நாள்கணக்கில் போராடியும், செங்குத்தான சரிவுகளில் தீ கைக்கு எட்டாமல் ஏறிக்கொண்டே போனது. அப்போது கோயம்புத்தூர் அருகே சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்.ஐ.-17 வி-5 வகை ஹெலிகாப்டர் ஒன்று வந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு பெரிய வாளி தொங்கிக்கொண்டிருந்தது. நீர்த்தேக்கத்தில் மொண்டு, தீயின் மேல் கொட்டி, திரும்பப் போய் மொண்டு, இப்படி ஒரே நாளில் ஏறத்தாழ 16,000 லிட்டர் தண்ணீரைக் கொட்டியதாக விமானப்படை அறிவித்தது.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடுங்கள். கோடையில் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் கொள்ளும். அப்படியானால் ஹெலிகாப்டர் ஒரு நாள் முழுக்கக் கொட்டியது இரண்டு லாரித் தண்ணீர்கூட இல்லை! இதற்கா இவ்வளவு பெரிய இயந்திரம்?

இதற்குத்தான். அந்தச் சரிவில் லாரி ஏறாது. குழாயை இழுத்துக்கொண்டு ஆளும் ஏற முடியாது. எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதுதான் காட்டுத்தீயில் முக்கியம். சூலூரிலிருந்து குன்னூர் நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஹெலிகாப்டர் கால் மணி நேரத்தில் போய்விடும்.

அந்த வாளிக்குப் பெயர் பாம்பி பக்கெட். கனடாக்காரரான டான் ஆர்னி 1980களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். அதற்கு முன்னாலும் ஹெலிகாப்டரில் வாளி கட்டித் தண்ணீர் கொட்டினார்கள். ஆனால் அவை விறைப்பான வாளிகள். மடிக்க முடியாது, ஹெலிகாப்டருக்கு உள்ளே வைக்க இடம் போதாது. ஆர்னி துணியால் செய்தார். சாதாரணத் துணி இல்லை, தண்ணீர் கசியாத, எளிதில் கிழியாத கெட்டித் துணி. மடித்து உள்ளே போட்டுக்கொண்டு பறக்கலாம், போன இடத்தில் பிரித்து மாட்டலாம்.

அதன் அடிப்பக்கத்தைத்தான் நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். வாளியின் அடியில் ஒரு துணிக் குழாய் இருக்கிறது. ஒரு கம்பிக்கயிறு அந்தக் குழாயின் வாயைச் சுருக்கி, வாளிக்கு உள்ளே மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். அதனால் தண்ணீர் தங்குகிறது. விமானி ஒரு பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தில் இயங்கும் பிடி விடுபடும். தண்ணீரின் எடையே குழாயை வெளியே தள்ளி, அத்தனையும் சில நொடிகளில் கொட்டிவிடும். வாளியின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் எடைக்கட்டி வைத்திருப்பார்கள். ஏன் தெரியுமா? வெற்று வாளி தண்ணீரில் பட்டதும் நிமிர்ந்தபடி மிதந்துவிடக் கூடாது. எடை இருக்கும் பக்கம் சாய்ந்து, முங்கி, தானாக நிறைய வேண்டும். கிணற்றில் இறைத்துப் பழகியவர்கள் கயிற்றை ஒரு சுண்டு சுண்டி வாளியைச் சாய்ப்பார்கள் அல்லவா, அந்தச் சுண்டுதலின் வேலையை இந்த எடைக்கட்டி செய்கிறது.

வாளி முங்கும் அளவுக்கு ஆழம் வேண்டும். ஓரிக்கைப் பாலத்தின் மேல் நின்று கோடையில் பாலாற்றைப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் மணலும் நாணலும். அங்கே இந்த வாளிக்கு வேலையே இல்லை. அணை, ஏரி, ஆழமான குளம் என்று தேட வேண்டும். சுற்றிலும் மின்கம்பியும் உயரமான மரமும் இல்லாமலும் இருக்க வேண்டும். உத்தராகண்டில் 2024 ஏப்ரலில் நைனிதால் பக்கம் காடு எரிந்தபோது பீம்தால் ஏரியில்தான் மொண்டார்கள். ஏரி பக்கத்தில் இருந்தால் மணிக்குப் பல நடை போகலாம். தூரமாக இருந்தால் எரிபொருள்தான் தீரும். ஆகவே தீயைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்ப்பதே இவர்களுடைய முதல் வேலை.

இந்திய விமானப்படையின் வாளி சுமார் 3,500 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக மூன்றரை டன் எடை, வயிற்றுக்கு அடியில் ஒரே ஒரு கொக்கியில் தொங்குகிறது. எம்.ஐ.-17 வி-5 வெளியே தொங்கவிட்டுச் சுமக்கக்கூடியது அதிகபட்சம் நாலரை டன். அப்படியென்றால் தாராளம்தானே என்று தோன்றும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது.

ஹெலிகாப்டர் எப்படி மேலே நிற்கிறது? தலைக்கு மேல் சுழலும் தகடுகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. பதிலுக்குக் காற்று ஹெலிகாப்டரை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. தள்ளுவதற்குக் காற்று அடர்த்தியாக இருக்க வேண்டும். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். வெயில் ஏற ஏற அதுவும் மெலிகிறது. காலையில் சுமந்த எடையை அதே ஹெலிகாப்டர் மதியம் சுமக்காது. அதனால் புறப்படும் முன் உயரம், வெப்பநிலை, ஆட்கள், எரிபொருள் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் கழித்து, மிச்சம் எவ்வளவு தண்ணீருக்கு இடம் என்று பார்ப்பார்கள். வாளியைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும். அதை இறுக்கினால் வாளியின் வயிறு சுருங்கும், தண்ணீர் குறைவாகப் பிடிக்கும். பறக்கப் பறக்க எரிபொருள் செலவாகி எடை குறையும்போது பட்டையைத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் மொள்ளலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இந்தக் கணக்குதான். துணிச்சல் இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஆனால் கணக்கு தப்பினால் துணிச்சல் காப்பாற்றாது.

தொங்கும் வாளி ஆடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மீட்டர் நூலில் சின்னக் கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுங்கள். ஒரு முறை போய்த் திரும்ப இரண்டு நொடி ஆகும். நூலை 25 சென்டிமீட்டராகக் குறையுங்கள், ஒரே நொடி. கல்லை மாற்றிக் கனமானதைக் கட்டினாலும் நேரம் மாறாது. நூலின் நீளம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. அடுத்து, நூலைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து சட்டென்று நில்லுங்கள். கல் முன்னால் பாயும். அதை நிறுத்த நீங்கள் கையை முன்னும் பின்னும் அவசரமாக ஆட்டினால் ஆட்டம் கூடத்தான் செய்யும். விமானிக்கும் இதே சிக்கல். அவர் நீளக் கயிற்றையும் அதன் நிதானமான ஆட்டத்தையும் மனத்தில் வைத்து, வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து வருகிறார். வாளியை அவர் நேராகப் பார்ப்பது கடினம். கூட வரும் ஊழியர் ஒருவர் கதவோரம் இருந்து கீழே எட்டிப் பார்த்து, “இன்னும் முன்னால், நில், இறக்கு” என்று காதொலிக் கருவியில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆபத்து வந்துவிட்டால் வாளியோடு மொத்தச் சுமையையும் கழற்றிவிட விமானியிடம் தனி ஏற்பாடு உண்டு.

பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்கு என்றே ஒரு செய்தி. கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் தேய்த்து, சின்னக் காகிதத் துண்டுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பாடத்தில் வருகிற சோதனை. நம் ஊரில் பட்டுத் துண்டுக்கா பஞ்சம்? காற்றில் ஈரம் இல்லாத நாளில் செய்து பாருங்கள். தேய்ப்பதால் உண்டாகும் இந்த நிலைமின்சாரம் ஹெலிகாப்டரிலும் சேர்கிறது. தகடுகள் தூசி நிறைந்த காற்றை அறுத்துக்கொண்டு சுழலும்போது உடல் முழுக்க மின்னூட்டம் ஏறிவிடும். வானில் நிற்கும் ஹெலிகாப்டரின் கொக்கியில் தரையில் நிற்பவர் சுமையை மாட்ட வேண்டி வந்தால், அவர் வெறுங்கையால் தொட மாட்டார். மின்சாரம் பாயாத கைப்பிடி உள்ள ஓர் உலோகக் கோலால் முதலில் கொக்கியைத் தொடுவார்கள். கோலிலிருந்து ஒரு கம்பி தரைக்குப் போகும். மின்னூட்டம் அந்த வழியில் மண்ணில் இறங்கிய பிறகுதான் சுமை ஏறும்.

இனி கொட்டும் இடத்துக்கு வருவோம். மூன்றரை டன் தண்ணீர் 100 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள பட்டையில் சமமாக விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மழைக்குச் சமம்? மூன்றரை மில்லிமீட்டர். வாசல் தெளித்ததைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. ஆனாலும் அது பலிக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும், ஏறத்தாழ எட்டு மடங்கு. இந்த வெப்பத்தையெல்லாம் தண்ணீர் தீயிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. வெப்பம் போனால் தழல் அமரும், பக்கத்துப் புல் பற்றிக்கொள்ளாது.

மிக உயரத்திலிருந்து கொட்டினால் தண்ணீர் காற்றில் சிதறிப் பாதி வழியிலேயே போய்விடும். மிகத் தாழ்ந்து வந்தால் தகடுகள் கீழே தள்ளும் காற்றே தீயை விசிறிவிடும். இரண்டுக்கும் நடுவே, முன்னோக்கிப் பறந்தபடியே கொட்ட வேண்டும். கீழே ஆட்கள் இருந்தால் அவர்களை முதலில் விலகச் சொல்ல வேண்டும். மூன்றரை டன் தண்ணீர் ஒரே வீச்சில் விழுந்தால் மரக்கிளை முறியும், மனிதர் தாங்க மாட்டார்.

நம் நாட்டில் இந்த வாளி பல காடுகளைப் பார்த்துவிட்டது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர், 2021 ஜனவரியில் நாகாலாந்து எல்லையில் இருக்கும் சூக்கோ பள்ளத்தாக்கு. காஞ்சிபுரத்துக்காரர்கள் அடிக்கடி போய்வரும் திருமலையிலும் 2014 மார்ச்சில் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே மாற்றியமைத்த ஏர் கிரேன் என்ற ராட்சத ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன. வாளிக்குப் பதில் வயிற்றிலேயே சுமார் 10,000 லிட்டர் தொட்டி. யானை துதிக்கையைப் போடுவதுபோல ஒரு குழாயைக் குளத்தில் விட்டு ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும். அங்கே ஹெலிகாப்டரிலேயே வந்து இறங்கித் தீயணைக்கும் தனிக் குழுக்களும் உண்டு. சாலையே இல்லாத மலையில், தீ சின்னதாக இருக்கும்போதே போய்ச் சேருவதற்காக அந்த ஏற்பாடு.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் காட்டுத்தீயை அணைத்து முடிப்பதில்லை. அது தீயின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. அணைப்பவர்கள் கீழே நடந்து போகிறவர்கள். புகை அடர்ந்தால், காற்று சுழன்றால், இருட்டிவிட்டால் ஹெலிகாப்டர் காத்திருக்கத்தான் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் புல்தீயில் சிக்கிக்கொண்டார்கள், பலர் உயிரிழந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் மீட்புக்கு அனுப்பப்பட்டன. ஆனால் அந்த மாலையிலும் இரவிலும் மேலே ஏறிப்போய் அடிபட்டவர்களைத் தூக்கி வந்தவர்களில் மலையடிவாரத்து ஊர்க்காரர்களும் வனத்துறையினரும் முன்னால் நின்றார்கள். பெயர் வெளியே தெரியாத அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் நெஞ்சு நிறையும்.

வனத்துறையில் தீத்தடுப்புக் காவலர்களாகவும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் இருப்பவர்களில் பலர் மலைவாழ் மக்கள். எந்தப் பக்கம் காற்று திரும்பும், எந்த ஓடையில் ஈரம் மிச்சம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கோடைக்கு முன்பே காய்ந்த புல்லையும் சருகையும் நீக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். எரிய எதுவும் இல்லாத அந்தப் பட்டையைத் தாண்டத் தீ திணறும். தீ வந்தபின் பச்சைத் தழைக் கொப்புகளை ஒடித்து, தீயின் விளிம்பை அடித்து அடித்து அமர்த்துவார்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும் என்பதால், அதற்கு நேர் மேலே நிற்க மாட்டார்கள்.

இந்த வேலைக்கு வர ஆசையா? விமானியாக வேண்டுமென்றால் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படியுங்கள். ஆனால் ஒரு ஹெலிகாப்டர் பறக்க விமானி மட்டும் போதாது. இயந்திரத்தைப் பிரித்துச் சரிபார்க்கும் தொழில்நுட்பர், எரிபொருள் நிரப்புபவர், எடைக் கணக்குப் போடுபவர், இறங்குதளத்தில் கைகாட்டுபவர், காற்றும் வெயிலும் எப்படி மாறும் என்று சொல்லும் வானிலையாளர், வரைபடத்தில் தீ எங்கே போகிறது என்று குறிப்பவர் என்று எத்தனையோ பேர். அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியனும் இருக்கிறது. நம் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில்.

ஹெலிகாப்டர் திரும்பிய பிறகு காட்டில் இன்னும் இரண்டு மூன்று நாள் வேலை பாக்கி இருக்கும். மேலே அணைந்தாலும் கட்டைக்குள்ளும் வேருக்குள்ளும் கனல் உட்கார்ந்திருக்கும். காவலர்கள் சாம்பலுக்குச் சற்று மேலே புறங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பார்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைத் தோல் மெல்லியது, சூட்டைச் சட்டென்று உணரும். சுட்டால் தோண்டி, மண்ணைப் போட்டுக் கிளறி, தண்ணீர் இருந்தால் ஊற்றி, மறுநாள் காலை அதே இடத்துக்கு வந்து திரும்பவும் கையைக் காட்டுவார்கள்.